அறுபடாத சங்கிலி, அடி கழன்ற தோணி

லண்டனில் இருக்கும் மச்சான் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், உங்கட தங்கச்சி ஸல்ஹாவும், துறைமுக வீதி இரும்புக் கடையும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே குளிர் உங்களை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

விசயம் இதுதான். ஒரே சங்கிலியில் கை பிணைத்த இரண்டு கைதிகள் சிறையிலிருந்து தப்பி ஓடுவதாக நீங்களும் நானும் நடித்த நம்மட பழைய நாடகத்தைக் கழக விழாவுக்குத் திரும்பப் போடப்போகிறார்கள். நெறியாளர் நிப்றாஸ் கடைக்கு வந்து, "ஹஸன் காக்கா, முடிவு என்ன? ஊருல ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்றார். எழுதின முடிவைச் சொன்னேன்: சங்கிலியை அரிந்ததும் நீங்கள் தோணியேறித் தப்புவீர்கள், நான் கரையில் பிடிபடுவேன். அதற்காகத்தானே நடுக் கண்ணியை மட்டும் வலைக்குக் கட்டும் ஈயத்தில் வார்த்து, கறுப்பு மை பூசி, சங்கிலியைக் கடைக் கொழுக்கியில் தொங்கவிட்டேன். நாடக நாள் பார்த்துக் கடையில் சனம். நிலாவெளி யேசுரட்ணம் அண்ணன் நங்கூரத்துக்குச் சங்கிலி கேட்க, அதையே கழற்றிக் கொடுத்துவிட்டேன். மேடைக்கு வந்தது அசல். நீங்கள் அரிந்தீர்கள், அரிந்தீர்கள், இரும்பறுக்கும் வாள்தான் முறிந்தது. "என்ன சாமான் மச்சான் இது?" என்று நீங்கள் பல்லைக் கடிக்க, "முதல்தரச் சாமான்" என்று நான் சொன்னது முன்வரிசைக்கே கேட்டது. பொலிசாக வந்த றுமைஸ் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறான். "சரி, வாங்க, ரெண்டு பேருமாப் போவம்" என்று என்னையும் தோணிக்குள் இழுத்தீர்கள். அட்டைத் தோணி, அடி கழன்றது. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே கடல் கடந்தோம். சிரிக்கப்போகிறார்கள் என்று பார்த்தால், சனம் எழும்பி நின்று கைதட்டியது. மறுநாள் யேசுரட்ணம் அண்ணன் வந்து, "தம்பி, என்ர வள்ளம் நங்கூரத்தை விட்டிட்டுத் தனியாப் போட்டுது!" என்று கத்தியது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அடுத்த மாதம் நீங்கள் பிளேன் ஏறினீர்கள். எழுதின முடிவு அப்போதுதான் நடந்தது.

நிப்றாஸ் நம்மையே நடிக்கச் சொல்கிறார். நான் வியாபாரி, உள்ளதைச் சொல்கிறேன்: ஒரு நாடகத்துக்காக அவ்வளவு தூரம் வருவது புத்தியில்லாத வேலை. உங்கட இடத்துக்கு றுமைஸ் போதும். முடிவும் எழுதினபடியே இருக்கட்டும், இந்த வயதில் தோணி தூக்க ஏலாது. வரவேண்டாம்.

மதினி ஷிஃபானாவுக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
ஹஸன்

பி.கு.: றுமைஸிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஸல்ஹா உங்கட அறையைக் கழுவிவிட்டாள். தோணி இந்த முறை பலகை அடி, இரண்டு பேர் தாங்கும். எந்தப் பிளேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஈயக் கண்ணி வார்க்கவில்லை.