பூதக்கண்ணாடி இல்லாத வண்டு ஆராய்ச்சி

இனி இயற்கையை நேசிப்பது என்று ஞாயிறு காலை ஏழு மணிக்கு முடிவு செய்தேன். அன்று மாலை நான்கு மணிக்கு மாமனார் வருகிறார் என்று மனைவி சொல்லியிருந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மாமனார் கடிகாரம் பழுது பார்ப்பவர். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பொடி எழுத்துப் படிக்கத் தன் பூதக்கண்ணாடியை எனக்குக் கொடுத்திருந்தார். நாற்பது வருடம் அவர் கையில் இருந்தது. கொடுக்கும்போது கண் கலங்கினார்; பெண்ணைக் கொடுத்தபோது அவ்வளவு கலங்கவில்லை. அதைத்தான் தொலைத்துவிட்டேன்.

தொலைத்த இடம் தெரியும். ஊரோரக் காடு. போன ஞாயிறு பீரோவை நகர்த்த மனைவி கூப்பிட்டாள். அவசர மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போய், அங்கே ஒரு மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் மீட்டிங் நடத்தினேன். அப்போதுதான் பேன்ட் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். இன்று மறுபடி தனியாகக் கிளம்பினால் சந்தேகப்படுவாள். தரையைப் பார்த்தபடியே நடப்பதற்குக் கௌரவமான காரணம் உலகத்தில் ஒன்றுதான்.

"காட்டுக்குப் போய் வண்டும் பூவும் பாக்கலாமா?"

"யாரு, நீங்களா?"

"கோடையிலதான் வண்டு நெறைய வரும்."

"எட்டு வருஷமா வெளியில கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறேன். வண்டு வந்து சொன்னாத்தான் காதுல ஏறுமா? சரி, அப்பாவோட பூதக்கண்ணாடிய எடுத்துக்குங்க."

திட்டத்தில் இந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை.

"வெறுங்கண்ணால பாக்கறதுதான் முறை. அந்தக் காலத்து அறிஞர்கள் எல்லாரும்..."

"அவங்களுக்கு எங்கப்பா மாதிரி மாமனார் இருந்திருக்க மாட்டார்."

மரத்தடியில் தவழ்ந்தேன். பளபளத்ததையெல்லாம் பாய்ந்து பிடித்தேன். ஒன்று மிட்டாய்த் தாள். ஒன்று பொறிவண்டு. மூன்றாவது சாணவண்டு, தன் உருண்டையோடு. அவளோ நோட்டுப் புத்தகத்தில் பதினோராவது பூவை வரைந்துகொண்டிருந்தாள்.

"இந்த ஊதாப்பூ பேரென்ன?"

"மணி என்ன?"

"பூ பேரு கேட்டேன்."

"அதோட பேரு... மணி என்ன?"

"மூணு. இருங்க, சட்டையில எறும்பு." என் மார்பில் தட்டிவிட்டாள். "இந்தப் பொறிவண்டுக்கு எத்தனை புள்ளி?"

"ஏழு."

"எண்ணினீங்களா?"

"படிச்சிருக்கேன்."

கைப்பையைத் திறந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். நிதானமாகக் குனிந்து பார்த்தாள்.

"ஒம்பது."

தவழ்ந்தபடியே அவள் பக்கம் திரும்பினேன்.

"இது... எங்க..."

"உங்க பேன்ட் பையில. திங்கக்கிழமை துவைக்கறப்ப கெடைச்சுது. கால் பூரா ஒட்டுப்புல். உங்க மீட்டிங் ரூம்ல புல்லு நல்லா வளருது போல."

"அப்பவே சொல்லக் கூடாதா? உங்கப்பா நாலு மணிக்கு வர்றாரேன்னு உயிரே போச்சு!"

"அப்பா வரல. வர்றார்னு நான்தான் சொன்னேன். சொல்லலைன்னா நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

நான் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினேன்.

"வீட்டுக்குப் போனதும் பீரோ. அடுத்த ஞாயிறு ஏரிக்கரை" என்றாள்.

"முடியாது. இனிமே தொலைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"அப்படியா? இருபது வருஷமா வெச்சிருக்கற அந்தச் சிவப்புப் பேனா?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி. பிறகு, ஏரிக்கரைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன்.