திருவடித் தொட்டி

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகையில் விடியற்காலை ஐந்து மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். தாம்பரத்திலிருந்து காரில் வந்தார்கள். கார்க்காரர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் டிரைவர் நின்றான். நஞ்சு அவர்களுடையது, கால்வலி அவனுடையது.

உள்ளே திருவடிச் சித்தர். உடம்பில் ஏறிய நஞ்சையெல்லாம் உள்ளங்கால் வழியாக இறக்கிவிடுவார். முன்பு இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் என்று சில பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். சுவரில் எல்லா மதத்துச் சாமி படமும் மாட்டியிருந்தது. யாரையும் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

வரிசையில் சவுரிமுத்து நின்றான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில், இரும்புச் சாமான்களிலிருந்து கிரீஸைக் கழுவி எடுக்கிற வேலை. ஆறு வருஷமாக. கழுவுகிற சரக்கு பேரல் பேரலாக வரும். எல்லோரும் அதைத் தின்னர் என்பார்கள். ஜன்னலைத் திறந்தால் சாமானில் தூசி படியுமென்று அறையை இறுக்கி மூடி வைத்திருப்பார்கள். காலையில் தலை கிறுகிறுக்கும். மதியத்துக்கு மேல் காரணமில்லாமல் சிரிப்பு வரும். நம் தொழிலாளிகள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று முதலாளிக்குப் பெருமை.

ஷிப்ட் முடிந்ததும் கையிலிருக்கும் கிரீஸையும் அதே தின்னரில்தான் கழுவுவார்கள். சோப்புப் போட்டால் பத்து நிமிஷம் ஆகும், பஸ் போய்விடும். பிறகு ஆளுக்கொரு வாழைப்பழம். பழம் நஞ்சை முறித்துவிடுமாம். சொன்னவன் கூட வேலை செய்யும் பென்னி. போன மாதம் பழமும் கையுமாக மயங்கி விழுந்தவனும் அவன்தான்.

நாலு மாதமாக சவுரிமுத்துவின் பாதம் மரத்துக்கொண்டே வந்தது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க டீ அவன் காலில் கொட்டியபோது சுற்றி நின்றவர்கள் அலறினார்கள். அவன் மட்டும், "இன்னாச்சு? யார் மேல?" என்று கேட்டான்.

மனைவி ரத்தினபாய் அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் அசையவில்லை.

"எதுல கழுவறீங்க? பேரல்ல ஒட்டியிருக்கிற லேபிளைப் போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றார். நரம்பு டெஸ்டுக்கும், வேலையை மாற்றச் சொல்லியும் எழுதிக் கொடுத்தார். "இனிமே அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது. அதான் முதல் வைத்தியம். நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகலாம், பயப்படாதீங்க. அப்புறம் மெதுவா திரும்பும். போய்க்கிட்டே இருந்தீங்கன்னா நடையே போயிடும்."

சவுரிமுத்துவுக்கு மனசே விட்டுப்போயிற்று. ஒரு ஊசிகூடப் போடவில்லை! ஊசி போடாதவர் என்ன டாக்டர்?

வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு சூப்பர்வைசர் ஸ்ரீநிவாசன் சிரித்தார். "எதுக்குப்பா மாத்தணும்? சித்தர்கிட்ட போய் இறக்கிட்டு வா. கம்பெனியே டோக்கன் கொடுக்குது. நஞ்சு நீங்கியதுன்னு அவர் சீட்டு கொடுத்தா நாளைக்கே ரூமுக்குப் போயிடலாம்."

ஜன்னல் வைத்து, காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வைப்பதைவிடச் சித்தர் மலிவு.

அதனால்தான் இந்த வரிசை. பக்கத்தில் ரத்தினபாய், ஒரு பெரிய கட்டைப்பையோடு.

"அதுல இன்னாடி?"

"எங்க கடைச் சாமான். நீ முன்னால பார்த்து நட." அவள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்குகிறவள்.

வைத்திய முறை இதுதான். நடுவில் முழங்கால் வரை தொங்கும் காவித் திரை. நோயாளி இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, காலில் மஞ்சளை அப்பித் திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். முகத்தைப் பார்த்தால் நஞ்சு சித்தரின் கண்ணில் ஏறிவிடுமாம். அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் மந்திரத் தகடு. தகட்டிலிருந்து போகும் ஒயரைப் பூமாலை மூடியிருந்தது. கால் மணி நேரத்தில் தண்ணீர் கஷாயமாகிவிடும். கரண்ட் போனால் சித்தர் மௌனத்தில் ஆழ்ந்துவிடுவார். கரண்ட் வந்ததும் அருளும் வரும். போன வாரம் நாத்தனாரோடு வந்தபோதே ரத்தினபாய் இதைக் கவனித்திருந்தாள்.

சவுரிமுத்துவின் முறை வந்தது. "நீ கொஞ்சம் தள்ளு" என்று ஸ்டூலில் அவளே உட்கார்ந்தாள். பையிலிருந்து எடுத்ததற்கு மஞ்சளைப் பூசித் திரைக்கு அடியில் நீட்டினாள்.

சித்தர் கண்ணை மூடி முணுமுணுத்தார். தண்ணீர் பழுப்பேறியது.

"அடேங்கப்பா! பதினெட்டு வருஷக் குடி! ஈரல்லேருந்து இறங்குது பார்!"

"ஆமாம் சாமி" என்றாள் ரத்தினபாய்.

பெண் குரலைக் கேட்டதும் சித்தர் வண்டியைத் திருப்பினார். "குடி புருஷனோடது. வாசம் இங்க ஏறியிருக்கு. மூணு பிரசவம் பார்த்த உடம்பு. சர்க்கரையும் இருக்கு. இப்ப லேசா இருக்காம்மா?"

"ரொம்ப லேசா கீது சாமி. ஒத்தக் கையால தூக்கலாம்."

தூக்கினாள். திரைக்கு மேலே இரண்டு கால்கள் எழுந்தன. ஜவுளிக்கடைப் பொம்மையின் கால்கள், முழங்காலோடு உடைந்தவை.

வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெரியவர், "பொம்மைக்கே நஞ்சு இறங்குதே! சாமிக்கு என்னா சக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்துப் பேர் அவரோடு சேர்ந்து போட்டுக்கொண்டார்கள்.

ரத்தினபாய் தலையில் அடித்துக்கொண்டாள். திரையைப் பிடுங்கி எறிந்தாள். மாலையை விலக்கி பிளக்கை உருவினாள். தொட்டியைக் கொட்டிப் புதிதாக உப்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"யோவ், உன் கால வையி. ஆறு வருஷ நஞ்சு. வரட்டும் பாக்கலாம்."

சவுரிமுத்து வைத்தான். அரை மணி நேரம் ஆயிற்று. கொஞ்சம் மஞ்சள் கரைந்ததைத் தவிர ஒன்றுமில்லை.

"இப்ப எடு." காலை எடுத்தான். யார் காலும் இல்லாத தொட்டிக்கு பிளக்கைச் சொருகினாள். கால் மணியில் கஷாயம் தயார்.

"இது யார் நஞ்சு சாமி?" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே பெரியவர். இந்த முறை கை கன்னத்துக்குப் போகவில்லை.

"இரும்புத் தகடு, உப்புத் தண்ணி, கரண்ட்டு. அது துரு, பெரியவரே" என்றாள் ரத்தினபாய். "எங்க வூட்டு கேட்லயும் கீது. நாங்க அதைக் கும்பிடறதில்ல."

சித்தரைத் தேடினார்கள். பின்பக்கம் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. கார்க்காரர்கள் வேடிக்கை பார்க்க இறக்கிய கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்கள்.

டோக்கனோடேயே கொடுத்திருந்த 'நஞ்சு நீங்கியது' சீட்டு சவுரிமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது. தொட்டியைப் பார்க்கும் முன்பே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தின்னர் இல்லாமல் வந்த சிரிப்பு.

மறுநாள் கழுவுகிற அறைக்கு வெளியே அவனோடு ஏழு பேர் நின்றார்கள். பென்னியும் நின்றான், பழம் இல்லாமல்.

"உள்ள போங்கப்பா" என்றார் ஸ்ரீநிவாசன்.

"ஜன்னலத் தொற சார். ஃபேன் வையி. க்ளவுஸ் குடு. இவங்க போவாங்க. எனக்கு வேற வேலை குடு, டாக்டரம்மா எழுதிக் குடுத்துகீறாங்க" என்றான் சவுரிமுத்து.

"ஜன்னலைத் திறந்தா சாமான்ல தூசி படியும்யா!"

"சாமான்ல தூசி படிஞ்சா மறுபடியும் கழுவிக்கலாம் சார். என் நரம்ப எதுல கழுவுவ?"

ஸ்ரீநிவாசன் ஆபீசுக்குப் போன் போடப் போனார். எட்டுப் பேரும் வெளிக்காற்றில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது ஊரப்பாக்கம் கொட்டகைக்கு வேறொருவர் வந்திருக்கிறாராம். உள்ளங்கையில் எண்ணெய் விட்டு நஞ்சு எடுக்கிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கூடவே தலையையும் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். செருப்புத் தொலைந்தால் கடையில் வேறு கிடைக்கும்.