பூட்டுக்காரர் தெருவின் நூறு வருஷத் தண்ணீர்

நகராட்சிக்கு நூறு வயது நிறைவதை முன்னிட்டு அதன் வரலாற்றை எழுதுவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எழுத வேண்டியவர் பதிவறை எழுத்தர் என்பதும் ஏகமனதாகவே முடிவானது. அன்று அலுவலகத்துக்கு வராதவர் அவர் ஒருவர்தான்.

வராததற்குக் காரணம் இருந்தது. அவர் குடியிருந்த பூட்டுக்காரர் தெருவில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. வாசலில் வழுக்கி விழுந்த மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கையில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்திருந்தார். பியூன் கொண்டுவந்த ஆணையைப் பார்த்ததும் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் தண்ணிய வடிக்க வக்கில்லாத ஆபீசுக்கு வரலாறு ஒரு கேடா? இங்க பாருங்க, அடுத்த மழைக்குள்ள வடிகால் வந்தாகணும். இல்லேன்னா நான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

சொன்னால் செய்பவள். அவள் இல்லாமல் தனக்கு ஒரு நாள்கூட ஓடாது என்பது எழுத்தருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று நாள் தும்மிக்கொண்டே பதிவறையைக் குடைந்தார். அடியில் கிடந்தது நகராட்சியின் முதல் தீர்மானம்: 'பூட்டுக்காரர் தெருவில் தேங்கும் மழைநீரை வடிக்க உடனடியாக ஆவன செய்யப்படும்.' அதன்கீழ் பதவிக்கு வந்த தலைவர்கள் அத்தனை பேரும் 'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். வசமாக ஒரு பிடி கிடைத்தது என்று எழுத்தர் ஆணையரிடம் ஓடினார்.

படித்த ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நூறு வருஷமா உயிரோட இருக்கிற கோப்பாய்யா இது! பக்கத்து ஊர்ல முப்பது வருஷக் கோப்ப வெச்சுக்கிட்டுப் பீத்திக்கிறானுங்க."

"ஐயா, வடிகாலக் கட்டிட்டோம்னா..."

"கட்டிட்டா கோப்பு முடிஞ்சுடும்! நம்ம வரலாறே முடிஞ்சுடும்!"

தண்ணீர் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு பலகை, ஒரு காவலாளி. பழையது எதுவானாலும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. கால்சட்டையை மடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். வெயிலில் தண்ணீர் வற்றியபோது நகராட்சியே லாரி அனுப்பி நிரப்பியது. குடிநீர் லாரிக்காகப் பதினோரு மனு போட்ட தெரு அது. குடத்தோடு ஓடிவந்தவர்களைக் காவலாளி தடுத்தார்.

"இது பாரம்பரியத் தண்ணி. பாக்கலாம், குடிக்கக் கூடாது."

அடுத்த மழை நெருங்கியது. மனைவி வைத்த கெடு எழுத்தருக்கு நினைவிருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து, நகராட்சித் தலைவர் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"ஐயா, செய்யாத வேலையச் செஞ்சதா எத்தனையோ எழுதியிருக்கோம். செஞ்ச வேலையச் செய்யலன்னு எழுதினா என்ன? வடிகால் பாட்டுக்கு இருக்கட்டும், கோப்பு பாட்டுக்கு இருக்கட்டும்."

"விதி இடம் குடுக்குதா?"

"கூடாதுன்னு எந்த விதியும் இல்லீங்க."

தலைவர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். எழுத்தர் மகிழ்ச்சியில் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். பதில் வெளியிலிருந்து வந்தது. தெருவே திரண்டு மறித்து நின்றது. முன்வரிசையில் அவர் மனைவி.

"ஒரு கல்ல எடுத்துப் பாரு! நாங்க பொறந்து வளந்த தண்ணிய்யா இது!"

எழுத்தர் திகைத்துப் போனார். அவள் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மெல்ல அருகில் போனார்.

"ஏம்மா, நீதானே கேட்ட?"

"அப்ப கேட்டேன். இப்ப அண்ணனும் அண்ணியும் பாக்க வந்திருக்காங்க. பதினாலு வருஷமா எட்டிப் பாக்காதவங்க! நேத்து டிவியில பேசியிருக்கேன், உங்களுக்குத் தெரியாதா? வாங்க, ஒரு மனு எழுதுங்க. உங்க கையெழுத்துதான் குண்டு குண்டா இருக்கும்."

எழுதினார். வடிகால் வேண்டவே வேண்டாம் என்று தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் போய், தாமே கொடுத்து, தாமே வாங்கி, தமக்கே ரசீதும் கிழித்துக்கொண்டார். ஒன்றேகாலுக்கு ஆணை வந்துவிட்டது. நகராட்சியின் நூறு வருஷத்தில், கொடுத்த அன்றே நிறைவேறிய முதல் மனு அதுதான்.