ஃபார்மட் மாமாவின் ராகு காலம்

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே ஃபார்மட் மாமாவின் கை படாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வீட்டில் கரண்ட் கனெக்‌ஷனே இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்று எங்களைப் போன்ற வேலையில்லாப் பட்டதாரிகள் அலைந்த காலம். பத்திரிகையோடு இனாமாக வந்த சிடி கையில் இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கை எப்படிக் கூறு போட்டு இரண்டையும் குடிவைப்பது என்று தெரியாமல் முழிப்போம். அப்போது மொபெட்டில் வந்து இறங்குவார் மாமா. ஏதோ ஓர் அரசாங்க ஆபீசில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தவர், தானாகவே படித்துக் கற்றுக்கொண்ட வித்தை. மஞ்சள் பைக்குள் ஒரு கத்தை ஃப்ளாப்பி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாக்கெட் பஞ்சாங்கம். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

அவருக்கும் எங்கள் பெயர் எதுவும் நிற்காது. டிஸ்க்கின் அளவை வைத்துத்தான் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வார். நான் ‘ரெண்டு புள்ளி ஒண்ணு’, ஜி.பி. கணக்கில். தி.நகரில் ஒரு டாக்டருடைய டிஸ்க் நானூற்று இருபது எம்.பி. ஒரு நாள் கிளினிக் வாசலில், பேஷன்ட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, “நானூத்தி இருபது டாக்டர் உள்ளே இருக்காரா?” என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே டாக்டர் பெரிய டிஸ்க் வாங்கிவிட்டார். அதில் மாமா மூன்று சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் கம்பவுண்டர் மூன்றில் எதையோ தேர்ந்தெடுப்பார். பிரிஸ்கிரிப்ஷன் பிரிண்ட் ஆவதும் ஆகாததும் பேஷன்ட்டின் அதிர்ஷ்டம்.

இவ்வளவு விஞ்ஞானம் தெரிந்த மனுஷர், ராகு காலத்தில் டிஸ்க்கில் கை வைக்க மாட்டார். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். கூறு போடும் பார்ட்டிஷன் புரோகிராமில் எதை அழித்தாலும் எதைச் சேர்த்தாலும், கடைசியில் ‘டபிள்யூ’ என்ற எழுத்தை அழுத்தினால்தான் டிஸ்க்கில் பதியும். அதுவரை எல்லாம் மனக்கோட்டைதான். மனக்கோட்டை கட்ட ராகு காலம் பார்க்க வேண்டாம், டபிள்யூ அடிக்கத்தான் பார்க்க வேண்டும் என்பார்.

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வியாழக்கிழமை எனக்குக் கிண்டியில் இன்டர்வியூ. யூனிக்ஸ் தெரியுமா என்று போனில் கேட்டபோது கரைத்துக் குடித்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டு நாளில் அதன் தம்பி லினக்ஸையாவது ஒரு வாய் குடித்துவிடலாம் என்று திட்டம். அக்காவிடம் சொல்லவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவளுடைய தீசிஸ் இருந்தது. அடையாறு முகத்துவாரத்துப் பாசிகள் பற்றி, மூன்று வருஷ உழைப்பு.

மாமா சி, டி என்று இருந்த இரண்டு பாகங்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற எண்களை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். டி-யில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். காலி என்றேன்.

“எல்லாரும் காலின்னுதான் சொல்லுவா. டபிள்யூ அடிக்கறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை திறந்து பார்த்துடறேன். இப்போ மணி மூணு. நாலரை வரைக்கும் கையை வெச்சுடாதே.”

சொல்லிவிட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தார். டி-யை அழித்து லினக்ஸுக்கு இடம் ஒதுக்கிய திரை, டபிள்யூவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அக்கா ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். மாமாவின் குறட்டை வேறு. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மூன்றே முக்காலுக்கு டபிள்யூவை அழுத்தினேன்.

அழுத்திய ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. அக்கா காலேஜிலிருந்து பேசினாள். கைடு நாளைக்கே தீசிஸைக் கேட்கிறாராம், இப்போதே கிளம்பி வருகிறாளாம்.

“சி ரொம்பறதுன்னு நீதானேடா சொன்னே. அதான் எல்லாத்தையும் டி-க்கு மாத்திட்டேன். அதை ஒரு ஃப்ளாப்பில காப்பி பண்ணி வை.”

தீசிஸின் பழைய காப்பி இருந்த ஃப்ளாப்பி ஒன்று பீரோவில் இருந்தது. ஓடிப்போய் எடுத்தேன். மெட்ராஸ் ஈரத்தில் அதற்குப் பூஞ்சை பிடித்திருந்தது. பாசியைப் பற்றிய தீசிஸைப் பூஞ்சை தின்றுவிட்டது.

மாமாவை எழுப்பி, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

“ஃபார்மட் பண்ணலையே? அப்ப பயப்படாதே. வாசல்ல இருக்கற நம்பர் பலகைதான் போயிருக்கு. ஆத்துக்குள்ளே எல்லாம் அப்படியே இருக்கு.”

கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பழைய எண்களை அப்படியே அடித்தார். இனி டபிள்யூ ஒன்றுதான் பாக்கி. கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு ஐந்து. ராகு காலம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிஷம். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமா என் முகத்தைப் பார்த்தார்.

“ராகுக்கு நான் அப்புறம் பதில் சொல்லிக்கறேன்” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு டபிள்யூவை அழுத்தினார்.

அக்கா உள்ளே வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் மறுபடி ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. கீழே ஃப்ளாப்பிகள், நாற்காலியில் தெரியாத மாமா. என்னடா நடக்கிறது இங்கே என்றாள்.

“நான்தாம்மா. ஒரு இடத்துல கை தவறி டபிள்யூவை அடிச்சுட்டேன். டி போயிடுத்து. திரும்ப வந்துடும், ரெண்டு நிமிஷம் இரு” என்றார் மாமா.

அந்த இரண்டு நிமிஷத்தில் அக்கா கேட்காத கேள்வி இல்லை. வயசுக்குத் தக்க பொறுப்பு வேண்டாமா, தெரியாத வேலைக்கு எதற்கு வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்டாள். மாமா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்று கேட்டுக்கொண்டார். நானும் நின்றேன், வாயை மூடிக்கொண்டு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

விண்டோஸ் வந்தது. டி வந்தது. பாசிகள் அத்தனையும் அத்தியாயம் அத்தியாயமாக அப்படியே இருந்தன. அக்கா நாற்காலியில் சாய்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் இந்த ஆத்துப் படி ஏறாதீர்கள் என்று மாமாவிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஃப்ளாப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது கேட் அருகில் என்னிடம் ரகசியமாக, இன்டர்வியூவில் என்ன கேட்டாலும் பார்ட்டிஷன் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்றார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் போய் அழைக்கவில்லை.

அக்கா டாக்டர் பட்டம் வாங்கி இத்தனை வருஷமாகிறது. இப்போதும் பேச்சு வந்தால், “என் தீசிஸை அழிச்ச மனுஷன்” என்பாள். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா, இந்தப் பத்திரிகையை நீ வாராவாரம் வாங்குகிறாய் என்று தெரியும். அழித்தவன் நான். அவர் உன் தீசிஸைக் காப்பாற்றியவர்.