பள்ளி வாரியம் பேருந்தில் ஏறிய கதை

அரிசோனா வெயிலில் பழுத்த ஆரஞ்சு போலச் செழித்திருக்கும் என் அன்பு அக்கா வெர்னாவுக்கு, விஸ்கான்சின் பனியில் விறைத்துக் கிடக்கும் தம்பி எமெட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ஆர்லிசும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே உன் நலத்தையும், அத்தானின் இரத்த அழுத்தத்தின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

நீ ஆர்லிசைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏண்டி, என் தம்பி பள்ளிக்கூடத்தையே பஸ்ல ஏத்திட்டானாமே, நெசமா?" என்று கேட்டுச் சிரித்தாயாம். யாரோ உனக்கு நம் ஊர்ப் பத்திரிகையின் படத்தை அனுப்பிவிட்டார்கள் என்று தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருப்பவன் நான் இல்லை அக்கா, ஆர்லிசின் தம்பி கோர்டி. நான் அவனுக்குப் பின்னால் இருக்கிறேன், பாதிக் காது தெரியும். நடந்தது என்ன என்பதை நீ என் வாயால் கேட்பதே முறை என்பதால் எழுதுகிறேன்.

நான் பள்ளி வாரியத்துக்குப் போனதே கல்விச் சேவை செய்ய அல்ல என்பது உனக்குத் தெரியும். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தேன், சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றி அடுக்கினேன், ஆர்லிஸ் உப்பைத் தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தாள், அன்றைக்கே, "ஏங்க, வெளிய எங்கயாவது உக்காந்து யாருக்காவது யோசனை சொல்லுங்க, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். வாரியத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கோர்டிதான் வாரியத் தலைவன். டயர் கடை நடத்துகிறவன், மான் வேட்டைக்குப் போகிறவன், நல்லவன், ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் முதுகு நேராகிவிடும். போன கோடையில், ஊரே ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், நாங்கள் ஏழு பேரும் கூடி ஒரு தீர்மானம் போட்டோம். எங்கள் பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆசிரியையும், பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், புதிய ஆள் கிடைப்பது கஷ்டம், ஆகவே அந்தப் பிள்ளைகளைத் தினமும் பேருந்தில் ஏற்றி, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஹெய்டன்வில் பள்ளிக்கு அனுப்பலாம் என்று. எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். தூக்கிவிட்டு எல்லோரும் மீன் பிடிக்கப் போனோம்.

இலையுதிர் காலம் வந்ததும் பெர்னடெட் வோசக் வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவள். எங்கள் ஊரில் முடி வெட்டும் கடை அவளுடையது ஒன்றுதான். அவளுடைய மகள் ஜூனி, ஒன்பது வயது, வாயால் பேச மாட்டாள். மடியில் ஒரு டேப்லெட் வைத்திருப்பாள், அதில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். கூட்டங்களில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது கோர்டியின் சட்டம். அவன் வீட்டிலிருந்து முட்டை அவிக்க நேரம் வைக்கும் ஒரு கோழி வடிவ மணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருப்பான். பெர்னடெட் எழுந்து பேசத் தொடங்கி, பிள்ளை பேருந்தில் போய் வந்து எப்படித் துவண்டு விழுகிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் கோழி கத்திவிட்டது. "நேரம் முடிஞ்சுதும்மா, உக்காருங்க" என்றான் கோர்டி. அவள் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் அவள் பத்துப் பெற்றோரோடு வந்தாள். ஒரே உரை, பத்துத் துண்டு. முதல் ஆள் வாசித்துக்கொண்டே வந்து, "இந்த வாரியத் தலைவரைப் போன்ற ஒரு" என்னும் இடத்தில் கோழி கத்தியது. அவர் மரியாதையாக நிறுத்தி, தாளை மடித்து, உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆள் கடைசி வரிசையில் இருந்து எழுந்து, கோட்டைக் கழற்றி, நடந்து வந்து, மைக்கைத் தாழ்த்தி, தொண்டையைச் செருமினார். அவ்வளவு நேரமும் கோர்டியின் முகம் தக்காளியாகிக்கொண்டே இருந்தது. பிறகு அவர், "பொறுப்புள்ள மனிதர் இதை அனுமதிக்கலாமா" என்று வாசித்தார். அரங்கமே மூச்சு விட்டது. சிறப்புக் கல்விச் சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் திட்டம் போடச் சொல்கிறது, எல்லோரையும் மொத்தமாக மூட்டை கட்டி அனுப்பச் சொல்லவில்லை என்று கடைசி ஆள் முடித்தபோது, பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் கண்காணிப்பாளர் அம்மா தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு விட்டாளா? முடி வெட்ட வேறு எங்கே போவது, சொல். கழுத்தில் துணியைக் கட்டி, காதோரத்தில் கத்திரிக்கோலோடு நிற்கிறவளிடம் "நிதி நிலைமை சரியில்லை" என்று சொல்லிப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும்.

"எமெட் அண்ணே, அந்த பஸ்ல ஏறிப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"தலைய ஆட்டாதீங்க, காது போயிரும். உங்க ஏழு பேர்ல யாராவது ஏறிப் பாத்திருக்காங்களா?"

"தெரியலம்மா."

"முன்னெல்லாம் ஜூனி வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேசுற பலகையில இன்னும் பான்கேக் வேணும்னு பத்து தடவ அமுக்குவா. நான் கத்துவேன். இப்ப வந்ததும் படுத்துக்கிறா. அத அவ தொடுறதே இல்லண்ணே." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் புருவத்தையும் இலவசமாகத் திருத்திவிட்டாள். நான் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பிப்ரவரிக் கூட்டத்தில் அடுத்த ஆண்டும் இதே ஏற்பாட்டைத் தொடரலாமா என்ற பேச்சு வந்தது. கோர்டி முதுகை நிமிர்த்தி, "அப்படி ஒண்ணும் தூரம் இல்லீங்க. நல்ல ரோடு, ரெண்டு பக்கமும் பைன் மரம், புள்ளைங்க வேடிக்க பாத்துக்கிட்டே போகலாம்" என்றான். அவனைச் சீண்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை அக்கா, சத்தியமாக. "அவ்ளோ சுகமா இருந்தா அடுத்த கூட்டத்த அந்த பஸ்லயே வச்சுக்கலாமே மாப்ளே" என்றேன். எங்கள் வாரியத்தில் ஐடா கிளெம் என்று ஒரு மூத்த அம்மா இருக்கிறார். நிதி அறிக்கை தொடங்கும்போது கண்ணை மூடுவார், யாராவது குரலை உயர்த்தினால் விழித்து, "வழிமொழிகிறேன்" என்பார். அன்றும் விழித்தார், வழிமொழிந்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேருந்தில் ஏற மாட்டேன் என்று எந்த உறுப்பினர் கை தூக்குவார்? நிறைவேறிவிட்டது. "அத்தான், வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றான் கோர்டி. நான் ஒரு வாரம் அவன் கடைப் பக்கமே போகவில்லை.

வாரியத்தின் வக்கீல் இரண்டு நிபந்தனை போட்டார். பொதுக்கூட்டம் என்பதால் பொதுமக்கள் யார் வந்தாலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளி எல்லை ஆற்றுப் பாலத்தோடு முடிகிறது, பாலத்தைத் தாண்டினால் கூட்டம் செல்லாது. ஆகவே விடிந்ததும் பிள்ளைகள் ஏறும் வழக்கமான வண்டியில் நாங்கள் ஏழு பேர், கண்காணிப்பாளர், எழுத்தர், பெற்றோர்கள், பத்திரிகைக்காரப் பெண் என்று எல்லோரும் ஏறினோம். இருக்கைகள் பத்து வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தவை. என் முழங்கால் என் தாடையை இடித்தது. வண்டி எங்கள் ஊருக்குள்ளேயே பண்ணைச் சாலைகளில் வளைந்து வளைந்து ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிக்கொண்டு போயிற்று. முன்பக்கம் சூடு, பின்பக்கம் உறைபனி. கோர்டி எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகைப் பதிவைத் தொடங்கினான், பிறகு தலைமை உரையைத் தொடங்கினான். ஜூனி அவனுக்கு எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்தாள். பிறகு டேப்லெட்டைத் தொட்டாள். அது தெளிவான குரலில், "போதும்" என்றது.

எல்லோரும் சிரித்தோம். கோர்டியும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "போதும்" என்றது அது மறுபடி. "போதும். போதும். போதும்." பெர்னடெட் மகளைத் தடுக்கவில்லை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஜூனி அந்தப் பலகையைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோர்டி உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தது பின்சக்கரத்துக்கு மேலே. ஓல்சன் பண்ணை வளைவில் அவன் முகம் பச்சையாயிற்று. அடுத்த மேட்டில் ஜன்னலைத் திறந்து வாந்தி எடுக்கத் தலையை நீட்டினான், அப்போதுதான் அந்தப் பெண் படம் எடுத்தாள். பெர்னடெட் ஓடிவந்து அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். "விடுங்க, வெக்கப்படாதீங்க. இந்தத் தலைய எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். எல்லாம் முடிந்து அவன் உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, அவன் முதுகு நேராக இல்லை. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று ஓட்டுநரைக் கேட்டான்.

"இன்னும் பாலமே வரலீங்க. பாலம் தாண்டுனாத்தான் பாதி."

கோர்டி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தான். "இப்படிப் போய் இறங்கிட்டு அதுங்க என்னத்தப் படிக்கும்? நானா இருந்தா படுத்துத் தூங்குவேன்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தனக்குள் சொல்வதைப் போலச் சொன்னான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டினார்கள். பிள்ளைகளை எல்லாம் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பெர்னடெட் எழுந்து பேசத் தொடங்கினாள். அப்போதுதான் பின்னால் இருந்து ரஸ்ஸல் கை தூக்கினான். பால் லாரி ஓட்டுகிறவன், வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"எங்க பையன் வெஸ்லிக்கு அங்க புடிச்சிருக்குங்க" என்றான். "அங்க நீச்சல் குளம் இருக்கு. தண்ணிக்குள்ள இறங்குனா அமைதியாயிடுறான். அவனுக்குன்னு ஒரு கூட்டாளி கெடச்சிருக்கான். அவனத் திருப்பிக் கொண்டாந்துராதீங்க."

"ரஸ்ஸல், நீ எந்தப் பக்கம்?" என்றாள் பெர்னடெட் சூடாக.

"நான் வெஸ்லி பக்கம்."

பெர்னடெட் போய் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியான்னு கத்துனது நாந்தானே. கத்திட்டு நானே மொத்தமா மூட்ட கட்டப் பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது நல்லது என்று அந்தந்தப் பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து முடிவு செய்வது. வெஸ்லி ஒரு சின்ன வேனில் நேர்வழியில் போவது. மற்றவர்களுக்காக ஒரு ஆசிரியையை நியமிப்பது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் பேச்சுப் பயிற்சி அம்மாவைப் பாதி வாரம் பங்கு போட்டுக்கொள்வது. இந்தச் செலவுக்காக உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் தார் போடுவதைத் தள்ளிவைப்பது. தீர்மானத்தைக் கோர்டியே முன்மொழிந்தான். ஐடா அம்மா இந்த முறை முழு விழிப்போடு இருந்தார், இருந்தும் வழிமொழிந்தார். எல்லோரும் கை தூக்கினோம். ஆனால் யாரும் மீன் பிடிக்கப் போகவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டுமே, கூட்டத்தை முடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஹெய்டன்வில் வரை எல்லோரும் போனோம். கோர்டியை முன் இருக்கையில் வைத்துக்கொண்டோம்.

இப்போது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது அக்கா. பேச்சுப் பயிற்சி அம்மா வரத் தொடங்கிவிட்டார். புது ஆசிரியைக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறோம், இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். பான்கேக் மாவு தீர்ந்துபோகிறது என்று பெர்னடெட் ஊரெல்லாம் புகார் சொல்கிறாள். கோர்டியும் நானும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குச் சேர்ந்து போகிறோம். அந்தப் படத்தை வெட்டி டயர் கடையில் அவனே மாட்டியிருக்கிறான். என் பதவிக்காலம் இந்த ஏப்ரலோடு முடிகிறது. மறுபடி நிற்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மனிதன் வாழ்க்கையில் செய்ய வேண்டிய நல்லதைச் செய்தாயிற்று, அதுவும் தெரியாமல் செய்தாயிற்று, அதுவே போதும். இனி எனக்குப் பள்ளியும் வேண்டாம், வாரியமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். அடுத்த குளிர்காலம் முழுக்க உன் வீட்டுக் கொல்லையில் சாய்வு நாற்காலியில் வெயில் காயப் போகிறேன். எனக்கும் ஆர்லிசுக்கும் அறையைத் தயார் செய்து வை.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், உன் கற்றாழைச் செடிகளுக்கு என் மரியாதையையும் சொல். எல்லா நலமும் உன் வாசலில் தங்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
எமெட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: ஒட்டியும் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்த உறையை, கெட்டில் ஆவியில் பிரித்து இதை எழுதுகிறேன். தேர்தல் முடிந்தது. நான் விட்ட இடத்தில் பெர்னடெட் நின்று ஜெயித்துவிட்டாள். வாழ்த்துச் சொல்லப் போனேன். "எமெட் அண்ணே, நான் அந்தப் பக்கம் போயி உக்காந்தா நானும் உங்கள மாதிரி ஆயிருவேன். எங்களத் திட்ட இந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும்" என்றாள். "எனக்குப் பள்ளிக்கூடத்துல புள்ள இல்லையேம்மா" என்றேன். "வாய் இருக்குல்ல?" என்றாள். ஆகவே பெற்றோர் சங்கத்துக்கு இனி நான்தான் செயலாளர், எல்லா மாதமும் கூட்டம், குளிர்காலத்திலும் உண்டு. மேலே அரிசோனா பற்றி எழுதிய வரிகளை அடித்துவிடு. ஆர்லிஸ் மட்டும் வருகிறாள். இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.