அப்பாவின் முதுகில் என் தேர்வு

“ஏட்டி, தோளப் பிடிச்சு விடதுக்கு நாலர வருசம் படிக்கணுமா?”

நான் பிசியோதெரபியில் சேர்ந்தபோது சித்தி கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் கழுத்து சற்று நீண்டிருந்த காலம். பதிலாக, தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகளின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். (சித்தி பயந்துபோய் மாதா படத்தைப் பார்த்தாள்.)

முதலாண்டு செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு ஆண் மாடலைக் கூட்டிவர வேண்டும். அவர் முதுகில் தசைகளை வரைந்து விளக்க வேண்டும். மற்றவர்கள் அண்ணனையோ தம்பியையோ பிடித்தார்கள். நான் அப்பாவைப் பிடித்தேன். இனயம் கரையில் முப்பது வருடம் வலை இழுத்த முதுகு. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரியும் டிரபீசியஸ் தசை, திருக்கை மீனை ஒட்டி வைத்ததுபோல் தெரியும்.

முந்தின நாள் மாலை ஒத்திகை. புருவப் பென்சில் அவர் கறுத்த முதுகில் எடுபடவில்லை. மீன்பெட்டிகளில் பெயர் எழுதும் மார்க்கரை எடுத்தேன். அந்த மை ஐஸிலும் உப்புத்தண்ணீரிலும் அழியாது என்பது எங்கள் ஊரில் நண்டு பிடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். (நான்தான் படித்தவளாயிற்றே.) முக்கோணமாகத் தோள்பட்டை எலும்பு, சுற்றிலும் தசைகள், பெயர்கள். நான் வரைந்த நேரமெல்லாம் அப்பா சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஸ்பீக்கரில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு வெறும் முதுகோடுதான் போக வேண்டும். அழிக்கத் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சோப்பு. எதற்கும் மை அசையவில்லை.

மறுநாள் வெளியூர்த் தேர்வாளர் அப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காப்பி என்று எழுதிவிட்டால் அந்த ஆண்டே போயிற்று. ஒத்திகைக் கதையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் விரலால் எலும்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“காப்பி அடிக்கிறவங்க சரியாவாவது எழுதிட்டு வருவாங்கம்மா. எலும்பு ஒரு இடத்துல இருக்கு, நீ வரைஞ்சது வேற இடத்துல இருக்கு.”

உண்மைதான். நீண்ட கழுத்து உள்ளே போனது. அப்போதுதான் அந்தத் தூக்கிய கை நினைவுக்கு வந்தது.

“அப்பா, சிக்னல் பிடிங்க.”

“போன வெளிய வச்சிற்றுல்லா வந்தேன் மக்கா.”

“கைய மட்டும் தூக்குங்க.”

தூக்கினார். (பழக்கத்தில் “அலோ” என்றும் சொன்னார்.) தோலுக்கடியில் எலும்பு நழுவி, கீழ்முனை வெளிப்பக்கம் திரும்பி, நான் வரைந்த முக்கோணத்துக்குள் கச்சிதமாக வந்து நின்றது. அதைத் திருப்பியது எது என்று தேர்வாளர் கேட்டார். டிரபீசியஸின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும், விலாவிலிருந்து முன்னோக்கி இழுக்கும் செரேட்டஸ் ஆன்டீரியரும் என்றேன். அந்த எலும்பை முதுகெலும்போடு கட்டி வைக்கும் ரோம்பாய்டு தசைகள் அப்போது விட்டுக்கொடுக்கும் என்றும் சேர்த்தேன். வரைந்ததற்குப் பூஜ்யம், விளக்கத்துக்கு முழு மதிப்பெண். மயிரிழையில் தேறினேன்.

மை போகப் பத்து நாளானது. அத்தனை நாளும் அவரோடு வலை இழுத்தவர்கள் அப்பாவின் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். இன்றும் கரையில் யாராவது “ஏலே ரோம்பாய்டு” என்றால் அப்பாதான் திரும்பிப் பார்க்கிறார்.

இந்த ஆண்டு மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன். வலை இழுப்பவர்களின் தோள்பட்டைதான் ஆய்வு. பதினொரு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். போன சனிக்கிழமை அளக்கப் போனேன். நாள் முழுக்கச் சட்டையில்லாமல் நிற்கும் மனிதர்கள், நான் டேப்பை எடுத்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரைக் கழற்ற வைத்து அளந்துவிட்டேன். இன்னும் எட்டுச் சட்டை பாக்கி.