சிங்கப்பூர் எட்டு மணி

விமானம் ஏறாதவனுக்குத்தான் விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். இதற்கு உதாரணம் எங்கும் தேட வேண்டாம், நானே இருக்கிறேன்.

மகளுக்குக் காதுகுத்து. என் மனைவி செல்வியின் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. போதாக்குறைக்குத் தோடும் அவனிடம்தான். அவன் அனுப்பிய டிக்கெட்டில் காலை ஆறரைக்குப் புறப்பாடு, எட்டுக்குச் சென்னை என்று இருந்தது.

"எட்டுங்கிறது சிங்கப்பூர் டைம்" என்றேன். "அவங்க கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி முன்னால ஓடும். கழிச்சா இங்க அஞ்சரை. ஆறரையும் அப்படித்தான், நமக்கு நாலு."

"இன்னாங்க சொல்றீங்க? மூவாயிரம் கிலோமீட்டர் ஒன்ற மணி நேரத்துலயா? கள்ளக்குறிச்சியில பஸ் ஏறுனா கல்வராயன் மலைக்குப் போவவே அவ்ளோ நேரம் ஆவுது."

"அது பஸ்ஸு. இது ஜெட்டு." (ஜெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

"அவனையே ஒரு வார்த்த கேளுங்களேன்."

இந்தக் கணக்குக்குப் போய் மச்சானைக் கேட்பதா? மானம் என்னாவது! பகல் பன்னிரண்டுக்குள் நேரம் குறித்து, மலையடிவாரத்துக் குலதெய்வக் கோயிலுக்குச் சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்துவிட்டேன்.

அன்று காலை கிடா வெட்டியாயிற்று. காது குத்தும் ஆசாரியும் வந்துவிட்டார். எட்டரை மணிக்கு போன்.

"மாமா, இப்பதான் எறங்குனேன். பெட்டி எடுத்துக்கினு கெளம்பறேன்."

"எங்க, கள்ளக்குறிச்சியிலயா?"

"மெட்ராஸ்ல மாமா! டிக்கெட்ல போட்ட எட்டு மணி நம்மூரு எட்டு மணிதான்."

செல்வி பக்கத்தில்தான் நின்றாள். மெட்ராஸிலிருந்து இங்கே வந்து சேர எத்தனை மணி என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டு தாண்டியது. பிள்ளைக்குக் காது குத்தாமலேயே சொந்தக்காரர்கள் கறிச்சோறு தின்று ஏப்பம் விட்டார்கள். ஆசாரியும் கை கழுவிவிட்டு, "சாய்ங்காலம் நைனார்பாளையத்துல இன்னொரு காதுகுத்து கீதுப்பா, நான் போவணும்" என்று கிளம்பிவிட்டார். முகூர்த்த நாளில் வேறு ஆசாரிக்கு எங்கே போக?

மச்சான் வந்து சேர மூன்று மணி. விடிந்தால் அவன் திரும்ப வேண்டும். செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "எந்தம்பி மடி இல்லாம எம்புள்ளைக்கு காது குத்த வுடமாட்டேன்!"

எல்லாரும் வேனில் ஏறி நைனார்பாளையத்துக்கு ஓடினோம். முன்பின் தெரியாத அந்த வீட்டுக்காரரிடம் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, வாங்க! எங்க பையனுக்கு ஆனதும் உங்க பாப்பாவ ஒக்கார வைங்க. ஆனா சாப்புட்டுதான் போவணும்."

அவர்கள் பந்தலில், அவர்கள் பலகையில், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து என் மகள் வீறிட்டு அழுதாள். தோடு ஏறியது. செல்வி சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அப்போது எடுத்த படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மகளுக்குப் பின்னால் ஆளுயர பிளெக்ஸ் பேனரில், கூலிங்கிளாஸ் போட்ட கொழுகொழு பையன் ஒருவன் எல்லாரையும் தன் காதணி விழாவுக்கு வருக வருக என்று கும்பிடுகிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் யார் என்று கேட்காமல் போவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொள்வாள்.

"அதுவா? எங்கப்பா ஃப்ளைட் டைமைக் கழிச்சாரில்ல, அதுல வந்த மீதி!"